நரகத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டி சீடர் ஹில் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள டிரினிட்டி சபை, அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்னும் பெந்தேகொஸ்தே பிரிவைச் சார்ந்தது. 1991ஆம் ஆண்டு இச்சபை ஹாலோவீன் பருவத்தை ஒட்டி ஒரு காட்சிமனையைத் தொடங்கியது. அதற்கு ‘ஹெல் ஹவுஸ்’ என்று பெயரிட்டார்கள். தமிழில் நரக வீடு எனலாம். அக்டோபர் மாதத்தில் அந்நாட்டின் ஊர்கள்தோறும் பேய் வீடுகள் முளைப்பது வழக்கம். இருட்டறைகள், திடீரென்று பாயும் உருவங்கள், செயற்கை ரத்தம், பெண்களின் அலறல். கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, பயந்து, சிரித்துக்கொண்டே வெளியே வரலாம். சீடர் ஹில்லின் வீட்டிலும் இவையெல்லாம் உண்டு. அங்கே காட்டப்பட்டவை பேய்கள் அல்ல, பாவங்கள் என்பதுதான் வேறுபாடு.

பார்வையாளர்கள் சிறு குழுக்களாக உள்ளே அனுப்பப்படுவார்கள். சாத்தானின் தூதனாக வேடமிட்ட ஒருவன் அவர்களை அறை அறையாக அழைத்துச் செல்வான். ஓர் அறையில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண் ரத்தத்தில் கிடப்பாள். இன்னோர் அறையில் எய்ட்ஸ் நோயால் ஓரினச்சேர்க்கையாளன் ஒருவன் இறந்துகொண்டிருப்பான். குடித்துவிட்டு வண்டியோட்டியவன், போதை விருந்தில் மயங்கிய சிறுமி, கைவிடப்பட்டுத் தற்கொலை செய்துகொள்ளும் மாணவி என்று காட்சிகள் தொடரும். வழிகாட்டும் சாத்தான் ஒவ்வொரு மரணத்துக்கும் எக்களிப்பான். கடைசியில் புகையும் செவ்வொளியும் ஓலமும் நிறைந்த நரகம். அதைக் கடந்ததும் அமைதியான ஓர் அறை. அங்கே ஒருவர் நின்று, இன்றிரவே நீங்கள் இறந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்பார். ஒரு கதவு காட்டப்படும். அதற்கப்பால் ஜெபிப்பதற்கு ஆட்கள் காத்திருப்பார்கள். முடிவெடுக்கத் தரப்படும் நேரம் மிகக் குறைவு.

ஜார்ஜ் ராட்லிஃப் என்ற இயக்குநர் இந்த வீட்டின் பத்தாவது ஆண்டு நிகழ்வைப் பின்தொடர்ந்து எடுத்த ‘ஹெல் ஹவுஸ்’ என்னும் ஆவணப்படம் 2001இல் வெளிவந்தது. அதில் பின்னணி விமர்சனக் குரல் கிடையாது. கேலியும் இல்லை. ஒத்திகையிலிருந்து இறுதி நாள்வரை அம்மக்களை அவர்கள் போக்கிலேயே பேச விட்டிருக்கிறார். அதனாலேயே அப்படம் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. இவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடிவதில்லை. நோயுற்ற குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஜெபிக்கும் தந்தையை அதில் பார்க்கிறோம். அவர் நரகத்தை உண்மையாகவே நம்புகிறார். தன் அண்டை வீட்டார் அதில் விழக்கூடாது என்றும் உண்மையாகவே விரும்புகிறார்.

அப்படியானால் இதில் பிழை எங்கே இருக்கிறது? பிழை என்று ஒன்று உண்டா? அச்சத்தைக் கருவியாக்குவதே தவறு என்று சொல்லிக் கடந்துவிடலாம். வரலாறு அவ்வளவு எளிய பதிலுக்கு இடம் தரவில்லை. நரகத்தை நாடகமாக்குவது கிறித்தவத்தில் மிகப் பழைய வழக்கம். அந்த நீண்ட வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் டெக்சாஸ் வீட்டின் தனித்தன்மை எது என்பது புலப்படும்.

*

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜவுளி வணிகர் குழுவினர் 1433இல் எழுதி வைத்த சொத்துப் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. இறுதித் தீர்ப்பு நாடகத்துக்காக அவர்கள் வைத்திருந்த தேர்மேடையின் உடைமைகள் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. சாத்தான்களின் உடைகள், முகமூடிகள், தேவதூதர்களின் சிறகுகள் ஆகியவற்றோடு ‘நரக வாய்’ ஒன்றும் அப்பட்டியலில் உண்டு. பெரும் விலங்கொன்றின் திறந்த வாயாகச் செய்யப்பட்டு, பாவிகள் இழுத்துச் செல்லப்படும் மேடைப் பொருள் அது. கவென்ட்ரி நகரத் துணி வணிகர்களின் கணக்கேடுகளில், நரக வாயில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவனுக்குக் கொடுத்த சில்லறைக் காசு எழுதப்பட்டிருக்கிறது. மீட்கப்பட்ட ஆன்மாக்களாகவும் தண்டிக்கப்பட்ட ஆன்மாக்களாகவும் நடித்தவர்களுக்குத் தந்த கூலியும் உண்டு. பிரான்ஸின் வாலென்சியென் நகரில் 1547இல் நடந்த பாடுகளின் நாடகத்துக்கு ஓவியர் யூபெர் காயோ தீட்டிய மேடைப் படத்தில், ஒரு கோடியில் சொர்க்கம், மறுகோடியில் தீ கக்கும் நரக வாய்.

செஸ்டர் நகரில் நெசவாளர்கள் நடத்திய இறுதித் தீர்ப்பு நாடகத்தில் நரகத்துக்குப் போகிறவர்கள் யார் என்பது கவனத்துக்குரியது. ஒரு போப்பாண்டவர், ஒரு பேரரசர், ஓர் அரசர், ஓர் அரசி, ஒரு நீதிபதி, ஒரு வணிகர். சொர்க்கத்துக்குப் போகிறவர்களிலும் ஒரு போப்பும் ஒரு பேரரசரும் ஓர் அரசரும் ஓர் அரசியும் இருக்கிறார்கள். ஆகவே பதவி இருபுறமும் நிற்கிறது, செயல்தான் பிரிக்கிறது. அதே நாடகத் தொகுதியில், இயேசு நரகத்தின் வாசலை உடைத்து ஆன்மாக்களை மீட்கும் பகுதியைச் சமையற்காரர் குழு நடத்தியது. எல்லோரும் மீண்ட பிறகும் ஒருத்தி மட்டும் அங்கே மிஞ்சுகிறாள். அளவில் ஏமாற்றிக் கலப்பட மது விற்ற கடைக்காரி அவள். கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் மதுக்கடைக்காரர்கள் இருந்திருப்பார்கள். அவர்களிடம் ஏமாந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இங்கே நரகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நெசவாளியும் சமையற்காரனும் துணிக்கடைக்காரனும் தங்கள் ஊர்த் தெருவில், தங்கள் அயலாரின் முன்னால், தங்கள் தொழிலின் பாவங்களையும் தங்களை ஆள்வோரின் பாவங்களையும் நடித்துக் காட்டினார்கள். அதில் அச்சம் இருந்தது, நகைப்பும் இருந்தது. இடைக்காலச் சாத்தான் பெரும்பாலும் கோமாளிதான். பார்த்தவன் கதவு தட்டி எதையும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மறுநாள் கடையைத் திறக்கும்போது படிக்கல்லை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

இந்த மரபை முடித்துவைத்தவர்கள் புராட்டஸ்டண்டுகள். 1517 அக்டோபர் 31 அன்று, அதாவது இன்று நாம் ஹாலோவீன் என்று அழைக்கும் அதே நாளில், மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை விட்டன்பெர்க்கில் வெளியிட்டார் என்பது மரபு. மறுநாள் நவம்பர் 1 புனிதர் அனைவரின் திருநாள். நவம்பர் 2 நம் ஊர்க் கத்தோலிக்கர்களும் கடைப்பிடிக்கும் கல்லறைத் திருநாள். உத்தரிக்கிற ஸ்தலத்தின் வேதனைகளைச் சொல்லிப் பயமுறுத்திப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதைத்தான் லூதர் எதிர்த்தார். அவர் வழி வந்தவர்கள் இங்கிலாந்தில் அதிகாரம் பெற்ற பின் மதநாடகங்கள் மூடநம்பிக்கையின் மிச்சங்களாகக் கருதப்பட்டன. யார்க்கில் 1569இலும், செஸ்டரில் 1575இலும், கவென்ட்ரியில் 1579இலும் அவை கடைசியாக நடந்தன. நாடகம் என்ற கலையின்மீதே ஐயம் கொண்ட பியூரிட்டன்கள் அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களுடைய மேடையில் நரக வாய் கிடையாது. பிரசங்க பீடமும் ஒரு குரலும் மட்டுமே இருந்தன.

*

அந்தக் குரல்களில் மிகவும் புகழ்பெற்றது ஜோனத்தன் எட்வர்ட்ஸுடையது. 1741 ஜூலை 8 அன்று, இன்று கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள என்ஃபீல்டில், கோபங்கொண்ட கடவுளின் கைகளில் இருக்கும் பாவிகளைப் பற்றி அவர் பிரசங்கித்தார். நெருப்பின்மேல் ஒற்றை இழையில் பிடித்துத் தொங்கவிடப்பட்ட சிலந்தியாக மனிதனை அவர் உருவகித்தது அமெரிக்க இலக்கியப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. கேட்டவர்கள் கதறிய கதறலில் பிரசங்கத்தை நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது என்று அங்கிருந்த போதகர் ஒருவரின் நாட்குறிப்பு தெரிவிக்கிறது. நரக வீட்டை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருசேரச் சுட்டும் முன்னோடி இவர்தான்.

எட்வர்ட்ஸை முழுமையாகப் படித்தால் வேறொரு மனிதர் தென்படுகிறார். என்ஃபீல்டுக்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1735இல், அவருடைய நார்த்தாம்ப்டன் ஊரில் ஒரு பெரும் எழுப்புதல் நடந்தது. அதன் உச்சத்தில், ஜூன் 1 அன்று, ஜோசஃப் ஹாலி என்ற வணிகர் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அவர் எட்வர்ட்ஸின் சித்தியை மணந்தவர். தன் ஆன்மாவின் கதி பற்றிய கவலையில் பல நாள் உறங்காதிருந்தவர். அதன் பின்னர், இப்போதே அறுத்துக்கொள் என்று யாரோ காதில் சொல்வதுபோல் தங்களுக்கும் தோன்றுவதாக வேறு பலர் கூறினார்கள். எழுப்புதல் அத்துடன் தணிந்தது. இதை எட்வர்ட்ஸ் மறைக்கவில்லை. அந்த எழுப்புதலைப் பற்றி 1737இல் அச்சான தம் நூலில் எழுதியே வைத்திருக்கிறார். சாத்தானின் சீற்றம் என்றும் அக்குடும்பத்தில் இருந்த மனச்சோர்வு நோய் என்றும் அதற்கு விளக்கம் தந்தார். விளக்கம் எதுவாயினும், அச்சம் ஒரு மனிதனை எதுவரை கொண்டுசெல்லும் என்பதை அவர் தம் உறவினர் வீட்டிலேயே கண்டார்.

1746இல் அவர் எழுதிய ‘சமய உணர்வுகள்’ என்னும் நூல் இந்தப் பின்னணியில் படிக்கத்தக்கது. உணர்ச்சி மிகுதியாக இருப்பதோ, உடல் நடுங்குவதோ, கண்ணீர் பெருகுவதோ உண்மையான மனந்திரும்புதலுக்குச் சான்றாகாது என்று அதில் அவர் வாதிடுகிறார். பொய்யானது என்பதற்கும் அவை சான்றல்ல. நாள்பட்ட வாழ்க்கையும் நடத்தையுமே சான்று. அமெரிக்காவின் மிக அச்சமூட்டும் பிரசங்கத்தைச் செய்தவரே, அச்சத்தால் விளைவதை உடனே நம்பிவிடக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். மனந்திரும்புதல் கடவுளின் கிருபையால் மட்டுமே நிகழும், மனிதன் அதை உண்டாக்க முடியாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே தம் கூட்டத்தில் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்பதை அன்றிரவே எண்ணிக் கணக்கிட அவருடைய இறையியலில் வழியில்லை.

எண்ணுவதற்கு வழி செய்தவர் சார்லஸ் ஃபின்னி. சட்டம் படித்தவர். 1830களில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் முதலிய ஊர்களில் பெரும் எழுப்புதல்களை நடத்தியவர். 1835இல் வெளியான சொற்பொழிவுகளில், எழுப்புதல் அற்புதம் அல்ல, தக்க வழிமுறைகளைச் சரியாகக் கையாள்வதன் விளைவு என்று அவர் துணிந்து கூறினார். விதைத்து உழைக்கும் உழவனுக்கு விளைச்சல் கிடைப்பதுபோல என்பது அவர் காட்டிய உவமை. முன்வரிசையில் ‘கவலை இருக்கை’ என்ற ஒன்றைப் போட்டு, மனம் கலங்கியவர்களை எழுந்து வந்து அதில் அமரச் சொன்னார். எல்லோர் கண்முன்னும், இப்போதே, இந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பின்னாளில் பில்லி சண்டே, பில்லி கிரஹாம் ஆகியோரின் பெருங்கூட்டங்களில் முன்னே வரும்படி விடுக்கப்பட்ட அழைப்புகளும், நிரப்பித் தரும் அட்டைகளும் இதன் வழித்தோன்றல்களே. நரக வீட்டின் இறுதிக் கதவுக்கு எட்வர்ட்ஸைவிட ஃபின்னியே நெருக்கமான மூதாதை என்பது என் எண்ணம். அச்சம் அங்கேதான் ஒரு தொழில்நுட்பமாகிறது.

*

நரக வீட்டின் இன்னொரு மூதாதை பொழுதுபோக்குத் தொழில். அதன் தொடக்கக் காட்சி சின்சினாட்டி நகரில் கிடைக்கிறது. அங்கே ஜோசஃப் டோர்ஃபோய் என்பவர் நடத்திய மேற்கத்திய அருங்காட்சியகத்துக்குக் கல்லும் எலும்பும் பார்க்கக் கூட்டம் வரவில்லை. 1828இல் அந்நகரில் வந்து தங்கியிருந்த ஆங்கிலேய எழுத்தாளர் பிரான்சஸ் டிரல்லோப், நாவலாசிரியர் ஆண்டனி டிரல்லோப்பின் தாய், தாந்தேயைத் தழுவி நரகக் காட்சி ஒன்றை அமைக்கும் யோசனையைத் தந்தார். பின்னாளில் ‘கிரேக்க அடிமை’ சிலையால் உலகப் புகழ்பெற்ற ஹைரம் பவர்ஸ் அப்போது அங்கே வேலை பார்த்த இளைஞர். அவர் மெழுகாலும் இயந்திரப் பொறிகளாலும் சாத்தான்களை உருவாக்கினார். காட்சியைச் சுற்றி இரும்புத் தடுப்பு இருந்தது. ஆவல் மிகுந்து அதைத் தொட்டவர்களுக்கு மின்னதிர்ச்சி தரும் ஏற்பாடும் செய்திருந்தார்கள். மக்கள் திரண்டார்கள். வணிகம் நிமிர்ந்தது.

அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி டிரல்லோப் 1832இல் வெளியிட்ட நூலில் இக்காட்சி விவரிக்கப்பட்டிருக்கிறது. அதே நூலில், அதே நகரின் தேவாலயம் ஒன்றில் தாம் கண்ட எழுப்புதல் கூட்டத்தையும் அவர் விவரிக்கிறார். பிரசங்கி மரணத்தின் கடைசி நொடிகளையும் உடல் அழுகுவதையும் நரகத்தின் வேதனைகளையும் நுணுக்கமாக வருணிக்க, இளம்பெண்கள் நடுங்கியபடி எழுந்து கவலை இருக்கைக்கு வருகிறார்கள். டிரல்லோப்புக்கு அது தாங்கவில்லை. ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே ஆண்டில், இரண்டு நரகங்கள். ஒன்றில் காசு கொடுத்துப் பயந்து சிரித்தார்கள். மற்றதில் பயந்து அழுதார்கள். முதலாவதை யோசித்துத் தந்தவரே இரண்டாவதைக் கண்டு மருண்டார். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர மேலும் ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது புராட்டஸ்டண்டுகளின் தனியுரிமை என்று எண்ணிவிடக் கூடாது. ஜான் ஃபர்னிஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் 1861இல் சிறுவர்களுக்கென்றே நரகத்தை வருணித்து ஒரு நூல் எழுதினார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 1916ஆம் ஆண்டு நாவலில் ஸ்டீபன் டெடலஸ் கேட்கும் நரகப் பிரசங்கம், பினமோண்டி என்ற இத்தாலிய ஏசு சபைப் பாதிரியாரின் நூலைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. அப்பிரசங்கத்தைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்து நடப்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஸ்டீபன் நடுங்கி, பாவசங்கீர்த்தனம் செய்து, சில காலம் கடும் பக்தனாக வாழ்கிறான். பிறகு அந்தப் பக்தி சத்தமில்லாமல் உதிர்ந்துபோகிறது. நாவலின் முடிவில் அவன் சபையையும் நாட்டையும் விட்டு வெளியேறுகிறான்.

*

நாற்பதுகள் ஐம்பதுகள்வரை அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகள் பலவற்றுக்கு நாடகமும் திரைப்படமும் ஐயத்துக்குரியவையாகவே இருந்தன. எழுபதுகளில் நிலைமை மாறிவிட்டது. 1969 ஆகஸ்டில் டிஸ்னிலேண்டில் பேய் மாளிகை திறக்கப்பட்டது. ஜேசீஸ் போன்ற இளைஞர் சங்கங்கள் நிதி திரட்டப் பேய் வீடுகள் அமைக்கத் தொடங்கின. அதே காலத்தில் கிறித்தவ இளைஞர்களுக்கென அச்சப் படங்களும் வந்தன. ஆண்டவர் வருகையில் கைவிடப்பட்ட பெண்ணின் கதையைச் சொல்லும் ‘திருடன் இரவில் வருவதுபோல்’ என்ற 1972ஆம் ஆண்டுப் படம் தேவாலயங்களிலும் இளைஞர் முகாம்களிலும் ஓடியது. அதே 1972இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில், ஜெர்ரி ஃபால்வெல் நிறுவிய கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ‘ஸ்கேர்மேர்’ என்ற காட்சிமனையைத் தொடங்கினர். மரணக் காட்சிகளின் ஊடே நடத்திச் சென்று இறுதியில் நற்செய்தி சொல்லும் வடிவம் அதில் உருவாகிவிட்டது. ஃபால்வெல் 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கியவர் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளலாம்.

தொண்ணூறுகளில் அந்த வடிவத்துக்குள் அன்றைய அரசியல் முழுமையாகக் குடியேறியது. கருக்கலைப்பு உரிமையை உறுதிசெய்த 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எண்பதுகளின் எய்ட்ஸ் பீதி, குழந்தைகளைச் சாத்தான் வழிபாட்டுக்குப் பலியிடுகிறார்கள் என்று பரவிய வதந்திகள் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அறையாயிற்று. கொலராடோவின் ஆர்வாடாவில் 1995இல் நரக வீடு நடத்திய போதகர் கீனன் ராபர்ட்ஸ், எய்ட்ஸ் சாவுக் காட்சியால் நாடெங்கும் அறியப்பட்டார். அடுத்து அவர் செய்ததுதான் வரலாற்று முக்கியத்துவம் உடையது. நரக வீட்டை ஒரு பொட்டலமாகக் கட்டி விற்றார். நாடகப் பிரதி, ஒலிப்பதிவு, காணொளி, விளம்பர ஆலோசனை, கருக்கலைப்புக் காட்சிக்கு இறைச்சித் துண்டுகளை எவ்வாறு பயன்படுத்துவது என்பதுவரையிலான குறிப்புகள் எல்லாம் அதில் அடக்கம். சில நூறு டாலர் செலுத்தினால் எந்த ஊர்ச் சபையும் ஒரு நரகத்தை நிறுவிக்கொள்ளலாம்.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில் சீடர் ஹில் நரக வீட்டில் பள்ளித் துப்பாக்கிச்சூடு ஒரு காட்சியாக இடம்பெற்றது. புதைத்த மண் காயாத ஒரு துயரம் ஆறே மாதங்களில் அச்சமூட்டும் அறையாக மாறியதைப் பலரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. ராட்லிஃபின் கவனம் இச்சபையின்மீது திரும்பியதும் அந்தச் சர்ச்சையால்தான்.

*

செஸ்டர் நெசவாளர்களின் நரகத்தையும் டெக்சாஸ் சபையின் நரகத்தையும் இப்போது அருகருகே வைத்துப் பார்க்கலாம். செஸ்டரில் எரிந்தவர்கள் போப், பேரரசர், நீதிபதி, வணிகர், கலப்படக்காரி. டெக்சாஸில் எரிந்தவர்கள் பதினாறு வயதுப் பெண், நோயாளியான ஓர் ஓரினச்சேர்க்கையாளன், தற்கொலை செய்துகொண்ட மாணவி. கூலியைக் குறைத்த முதலாளியோ, பொய் சொன்ன அரசியல்வாதியோ, காணிக்கையைக் கையாடிய போதகரோ அங்கே எரிந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் எண்பதுகளின் இறுதியில்தான் ஜிம் பேக்கர் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கி பக்தர்களின் பணத்தில் மோசடி செய்து சிறை சென்றிருந்தார். அவரும் அசெம்பிளீஸ் ஆஃப் காட் போதகராக இருந்தவரே. செய்திகளுக்கு இவ்வளவு விரைவாக அறை ஒதுக்கிய ஒரு கலைவடிவம் இந்தச் செய்திக்கு ஏன் இடம் தரவில்லை என்று கேட்பது நியாயம்தான்.

ஆகவே அச்சத்தின் அளவு என் கேள்வி அல்ல; அதன் திசைதான். இடைக்கால நரகம் மேல்நோக்கியும் உள்நோக்கியும் விரல் நீட்டியது. ஆள்பவனும் அஞ்சவேண்டும், பார்ப்பவனும் தன் தராசை எண்ணி அஞ்சவேண்டும். நரக வீடு கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் விரல் நீட்டியது. சமூகத்தில் ஏற்கெனவே அடிபட்டவர்களை, வீட்டில் சொல்ல முடியாத ரகசியத்தோடு இருக்கும் சிறுவர் சிறுமியரை அது பாவத்தின் உருவங்களாக நிறுத்தியது. ஜோசஃப் ஹாலியின் மரணத்தை எட்வர்ட்ஸ் ஓர் எச்சரிக்கையாகவேனும் எழுதிவைத்தார். நரக வீட்டில் தற்கொலை செய்துகொண்டவள் நேரே தீக்குள் இழுத்துச் செல்லப்பட்டாள். பார்வையாளர் வரிசையில் அதே எண்ணத்தோடு ஒரு மாணவி நின்றிருந்தால், அவள் அங்கிருந்து எதைச் சுமந்துகொண்டு போயிருப்பாள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆதரவாளர்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். பாலம் உடைந்திருப்பதை அறிந்தவன், வண்டியில் வருபவனைக் கூச்சலிட்டாவது நிறுத்தவேண்டாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நரகம் உண்டு என்று உளமார நம்புகிறவன் மென்மையாகப் பேசுவதுதான் கொடுமை என்கிறார்கள். இது வலுவான வாதம். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்று வள்ளுவரே ‘அறிவுடைமை’யில் சொல்கிறார். ‘கயமை’ அதிகாரத்தில் அவரே வேறொன்றும் சொல்கிறார். ஒழுக்கத்துக்கு அச்சம் ஒன்றே காரணமாக இருப்பது கீழ்மக்களின் இயல்பு என்பது அதன் பொருள். அறிவிலிருந்து வரும் அச்சம் வேறு. அச்சத்தையே அறத்தின் இடத்தில் வைப்பது வேறு. உடைந்த பாலத்தைச் சுட்டுபவன், வண்டிக்காரனை உலுக்கிவிட்டு, சில நொடிகளுக்குள் ஒரு கதவைத் தேர்ந்தெடு என்று சொல்வதில்லை.

*

இந்த வரலாற்றில் சற்றும் எதிர்பாராத ஒரு திருப்பமும் உண்டு. 2004இல் ஹாலிவுட்டில் நகைச்சுவை நடிகர்கள் நரக வீட்டைப் பகடியாக அரங்கேற்றினார்கள். பில் மாஹர் சாத்தானாக வந்தார். 2006 அக்டோபரில் லே ஃபிரேர் கோர்புசியே என்ற நாடகக் குழு, ராபர்ட்ஸின் பிரதியை அப்படியே எடுத்துக்கொண்டு, நியூயார்க்கின் புரூக்ளினில் எந்தக் கேலியும் சேர்க்காமல் நடித்தது. நகர்ப்புறப் பார்வையாளர்கள் சிரிக்க வந்து, எப்போது சிரிப்பது என்று தெரியாமல் தவித்தார்கள் என்பதைக் கற்பனை செய்வது கடினமல்ல. ஆன் பெல்லெக்ரினி, ஜேசன் பைவின்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினர். பைவின்ஸ் 2008இல் வெளியிட்ட நூலுக்கு ‘அச்சத்தின் மதம்’ என்றே தலைப்பிட்டார்.

அறுவடை என்ன? நரக வீடுகளை நடத்தியவர்கள் கதவைத் திறந்து வந்தவர்களின் தலைகளை எண்ணினார்கள். நாட்டின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட தகவலின்படி, தம்மைக் கிறித்தவர் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கப் பெரியோர் அப்போது 65 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன்பு அது 77 விழுக்காடாக இருந்தது. எச்சமயத்தையும் சாராதவர்கள் 26 விழுக்காடாகப் பெருகியிருந்தார்கள். சமயம் சாராதோர் விகிதம் இளைய தலைமுறையில்தான் மிகுதி. இதற்குக் காரணங்கள் பல. நரக வீட்டைத் தனியே குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இளைஞர்களைத் தக்கவைக்கவே உருவான உத்தி அந்த ஓட்டத்தை நிறுத்தவில்லை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். டெடலஸின் கதை ஒரு தலைமுறைக்கே நிகழ்ந்ததுபோல் தோன்றுகிறது.

ராட்லிஃபின் படத்தில் என்னை விட்டு நீங்காத பகுதி நரகக் காட்சி அல்ல. வேடங்களுக்கு ஆள் தேர்வு செய்யும் பகுதிதான். கருக்கலைப்புக்கு ஆளாகும் பெண்ணின் வேடமும் தற்கொலை செய்துகொள்ளும் பெண்ணின் வேடமும் யாருக்கு என்பதில் அத்தனை ஆர்வம் அவ்விளம்பெண்களிடம். வீட்டிலும் சபையிலும் பேசவே கூடாத வாழ்க்கைகள் அவை. ஆண்டுக்கு ஒருமுறை, சபையின் முழு ஆசியோடு, கதறவும் வெறிகொள்ளவும் விழவும் அவர்களுக்கு அனுமதி கிடைக்கிறது. அந்த முகங்களில் தெரிவது அச்சமே அல்ல, ஒருவகை மகிழ்ச்சி. பியூரிட்டன்கள் கதவைப் பூட்டி வெளியே தள்ளிய நாடகம், நானூறு ஆண்டுகள் கழித்து அவர்களின் வாரிசுகள் வீட்டுக்குள்ளேயே நரகத்தின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண்கள் நடித்துக் காட்டிய பெண்ணின் துயரம் என்ன என்று மேடையை விட்டு இறங்கிய பின் அவர்களிடம் யாரேனும் கேட்டிருந்தால், மனந்திரும்புதல் என்ற சொல்லுக்கு அங்கே வேறொரு பொருள் கிடைத்திருக்கக் கூடும்.